பணம் யாருடையது என்று எஃப்பார் கேட்பதில்லை

"அது எங்கம்மா கணக்கு. ஒரு அவசர ஆத்திரத்துக்கு இருக்கட்டும்னு என் பேரையும் சேர்த்து வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். அதையுமா இங்க சொல்லணும்?"

வரி தாக்கல் செய்யும் பருவம் வந்துவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடமிருந்து இந்தக் கேள்வி ஏதாவது ஒரு ரூபத்தில் வந்தே தீரும். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் கேட்டவர் முகம் சுருங்கும். "அதுல என் காசு ஒத்தப் பைசா கிடையாதே" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் எஃப்பார் (FBAR) என்று நாம் கூப்பிடும், வெளிநாட்டு நிதிக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் அந்தப் படிவத்துக்குக் காசு யாருடையது என்பதில் அக்கறை இல்லை. கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு அதன் விசாரணை முடிந்துவிடுகிறது.

நான் சி.பி.ஏ. எனும் உரிமம் பெற்ற கணக்காளன் இல்லை. என் படிவத்தை நானே நிரப்பிக்கொள்ளும் சம்பளக்காரன்; கேட்பவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்பவன். இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வெளிநாட்டில் பணத்தைப் பதுக்குகிறவர்களைப் பிடிக்க வந்த சட்டம் இது. பதுக்கத் தெரியாத நம் குடும்பங்கள் இதில் கால் இடறுவதற்குக் காரணம், நம் வீடுகளில் பெயர் ஒருவருடையதாகவும் பணம் இன்னொருவருடையதாகவும் இருப்பது சர்வ சாதாரணம் என்பதுதான். தம்பி படிப்புக்கு அண்ணன் பெயரில் டெபாசிட், அப்பா வீட்டை விற்ற பணம் பங்கு பிரிக்கும்வரை மூத்தவன் கணக்கில், பாட்டி கணக்கில் பேத்தி பெயர். நமக்கு இதெல்லாம் நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். சட்டத்துக்கு அது 'நிதி உரிமை'. கணக்கு எவருடைய நலனுக்காக நடத்தப்பட்டாலும், பதிவில் உரிமையாளராக இருப்பவருக்கு அதில் நிதி உரிமை உண்டு என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரே இல்லாமல் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் இருந்தாலும் சொல்ல வேண்டும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-இல் வந்த பேங்க் சீக்ரசி சட்டத்தின் கீழ் வருவது இது. படிவத்தின் பெயர் ஃபின்சென் 114. அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்பும் வரிப் படிவத்தோடு இது போகாது. கருவூலத் துறையில் நிதிக் குற்றங்களைக் கவனிக்கும் ஃபின்சென் பிரிவுக்கு இணையத்தில் தனியாகப் போகிறது. கட்ட வேண்டிய வரி ஏதும் இதில் இல்லை, தாக்கல் செய்யக் கட்டணமும் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் எல்லா நிதிக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்து, வருஷத்தில் என்றைக்காவது ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தாக்கல் செய்ய வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 15. தவறவிட்டால் அக்டோபர் 15 வரை, கேட்காமலேயே அவகாசம் உண்டு.

ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10,000 டாலர் என்பது எட்டரை லட்சம் ரூபாய். பத்து வருஷம் ஐ.டி.யில் இருந்தவருக்கு ஊரில் எட்டரை லட்சம் சேர்வது பெரிய விஷயமில்லை. போதாக்குறைக்கு, கூட்டிப் பார்க்கும் முறையிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு கணக்கிலும் அந்த வருஷம் இருந்த உச்சபட்சத் தொகையைத் தனித்தனியாக எடுத்துக் கூட்ட வேண்டும். மார்ச் மாதம் என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் கணக்கு) சேமிப்பில் ஐந்து லட்சம் கிடக்கிறது. ஏப்ரலில் அதை அப்படியே எடுத்து எஃப்.டி.யில் போடுகிறீர்கள். உங்களிடம் இருப்பது ஐந்து லட்சம்தான். படிவத்தின் கணக்கில் சேமிப்பின் உச்சம் ஐந்து, எஃப்.டி.யின் உச்சம் ஐந்து, ஆக மொத்தம் பத்து. வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். எஃப்.டி. முதிர்ந்து புதுப்பித்து, புது எண்ணில் இன்னொரு ரசீது வந்தால் அதே பணம் மூன்றாவது முறையும் எண்ணப்படும். நம்மவர்கள் எஃப்.டி.யைப் பத்துத் துண்டாகப் போட்டு வைக்கும் பழக்கமுள்ளவர்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு தனி வரி. கணக்குகள் 25 அல்லது அதற்குமேல் போனால் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும் என்ற சலுகை இருக்கிறது. அதை எட்டிப் பிடித்தவர்களையும் எனக்குத் தெரியும்.

ரூபாயை எந்த விலைக்கு மாற்றுவது என்பதில் குழப்பமே வேண்டாம். உச்சம் எந்த மாதம் வந்திருந்தாலும், அந்த ஆண்டின் டிசம்பர் 31-க்குக் கருவூலத் துறை வெளியிடும் விலைதான். கூகுளில் பார்த்த விலை, பணம் அனுப்பும் செயலியில் கிடைத்த விலை எதுவும் வேண்டாம். சில்லறை வந்தால் அடுத்த முழு டாலருக்கு ஏற்றிவிட வேண்டும்.

கஷ்டம் படிவத்தை நிரப்புவதில் இல்லை. கையில் விவரம் இருந்தால் அரைமணி நேர வேலை. அந்த விவரத்தை ஊரிலிருந்து வாங்குவதுதான் பாடு. என் நண்பர் ஒருவரின் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறார்.

"அம்மா, அந்த ஜாயின்ட் அக்கவுன்ட்ல போன வருஷம் அதிகபட்சமா எவ்வளவு இருந்துச்சு?"

"ஏன்டா, பணம் ஏதும் முடையா? வேணும்னா எடுத்து அனுப்பச் சொல்றேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இங்க கவர்ன்மென்ட்டுக்குச் சொல்லணும்."

"என் பணத்தை எதுக்கு அவனுக்குச் சொல்லணும்?"

அந்தக் கேள்விக்கு மகனிடம் பதில் இல்லை. அடுத்த அரைமணி நேரம் பாஸ்புக்கைக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா வாசிக்க, இவர் குறித்துக்கொண்டார். பாஸ்புக் அச்சாகியிருந்தது ஆகஸ்ட் வரைதான். மீதிக்குத் தம்பி வங்கிக்குப் போய் வரிசையில் நின்று பதியவைத்துப் படம் எடுத்து அனுப்பினார். அதில் பார்த்தால் நவம்பரில் நான்கு லட்சம் வந்து மூன்றே நாளில் போயிருக்கிறது. சித்தப்பா நிலம் வாங்கும்போது கை மாற்றாக வந்த தொகையாம். அந்த மூன்று நாள்தான் அந்தக் கணக்கின் உச்சம். கூட்டுக் கணக்கு என்பதால் பாதி என்றெல்லாம் போட முடியாது. முழுத் தொகையையும் காட்ட வேண்டும். தம்பியும் அமெரிக்காவில் இருந்து, அவர் பெயரும் அதில் இருந்திருந்தால், அவரும் அதே முழுத் தொகையைத் தன் படிவத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எஃப்பாரில் காட்டுவதால் அம்மாவின் பணம் மகனின் வருமானம் ஆகிவிடாது. அந்த எஃப்.டி.யின் வட்டி உண்மையில் அம்மாவுடையது என்றால் மகன் அதற்கு இங்கே வரி கட்ட வேண்டியதில்லை. இது கணக்கு இருப்பதைத் தெரிவிக்கும் படிவம், வரிக் கணக்கு வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பாதிப்பேர் பயந்துபோய் அம்மா கணக்கை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடுவதுதான் ஆபத்து, காட்டுவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

உங்கள் சொந்தப் பணத்தின் வட்டி என்றால் நிலைமை வேறு. வெளிநாட்டில் சம்பாதித்ததை இந்தியாவில் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது என்று வங்கி மேலாளர் பெருமையாகச் சொல்வார். அமெரிக்காவுக்கு அது பொருட்டில்லை. இங்கே வரிக்குரிய குடியிருப்பாளர் ஆகிவிட்டால் உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானமும் கணக்கில் வந்துவிடும். பி.பி.எஃப். வட்டியும் அப்படியே. என்.ஆர்.ஓ. வட்டியில் இந்தியாவில் பிடித்துக்கொண்ட வரிக்கு இங்கே படிவம் 1116 மூலம் கழிவு கேட்கலாம், அது ஒரு ஆறுதல்.

எதெல்லாம் கணக்கு? சேமிப்பு, எஃப்.டி., பங்குகள் வைத்திருக்கும் டீமேட், மியூச்சுவல் ஃபண்ட், பி.பி.எஃப். இதுவரை எல்லோருக்கும் புரிகிறது. எல்லோரும் மறப்பது எல்.ஐ.சி.யை. சரண்டர் மதிப்புள்ள பாலிசி என்றால் அதுவும் எஃப்பாரில் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரியை மிச்சம் பிடிக்க மாமா ஒருவரிடம் போட்ட பாலிசி, பீரோவில் மஞ்சள் பையில் தூங்கிக்கொண்டிருக்கும். கூப்பிட்டு சரண்டர் மதிப்பைக் கேட்டு வாங்குங்கள். மியூச்சுவல் ஃபண்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அது பி.எஃப்.ஐ.சி. (வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு அமெரிக்க வரிச் சட்டம் வைத்திருக்கும் பெயர்) என்ற இன்னொரு புதைகுழி; படிவம் 8621, தண்டனைபோன்ற வரிவிகிதம். அமெரிக்கா வந்த பிறகு இந்திய மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடாதீர்கள் என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

வீடு, மனை, வயல் எதுவும் எஃப்பாரில் வராது. லாக்கரில் இருக்கும் நகையும் வராது. ஆனால் வீட்டை விற்ற பணம் என்.ஆர்.ஓ. கணக்கில் விழுந்த நிமிஷமே வந்துவிடும். ஐம்பது வருஷம் நின்ற வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத அரசு, அதன் விலை ஒரு வாரம் கணக்கில் தங்கியதைக் கேட்கிறது. அப்படி விற்ற பணத்தில் ஒரு பகுதியை அப்பா உங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பி, ஓராண்டில் மொத்தம் 1,00,000 டாலரைத் தாண்டினால் படிவம் 3520 என்று இன்னொன்று. வரி இல்லை, தகவல் மட்டும்தான். ஆனால் அதைத் தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் அன்பளிப்பின் 25 சதவீதம்வரை போகலாம்.

சரி, யார் தாக்கல் செய்ய வேண்டும்? குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் என்பதில் சந்தேகமில்லை. விசாவில் இருப்பவர்களுக்கு நாள் கணக்கு. இந்த ஆண்டு இங்கே இருந்த நாட்கள், போன ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு, கூட்டினால் 183 வர வேண்டும். இந்த ஆண்டு குறைந்தது 31 நாளாவது இருந்திருக்க வேண்டும். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் இந்த எண்ணிக்கையில் சேராது. 2019 ஆகஸ்டில் வந்திறங்கியவருக்கு 2019-ஏ ஒரு முழு ஆண்டாகக் கழிந்துவிடும். 2023 முடிய விலக்கு. அந்தக் காலத்தில் அவர் குடியிருப்பாளர் அல்லாதவர், எஃப்பார் தேவையில்லை. விலக்குக் காலத்திலேயே எச்-1பி வேலை விசா கிடைத்து அக்டோபர் 1-இல் மாறினால் அந்த வருஷம் எண்ணுவதற்குக் கிடைப்பது 92 நாள்தான். அந்த வருஷமும் தப்பிக்கலாம். அடுத்த வருஷம் தப்ப முடியாது.

இந்த நாள் கணக்கில் யாரும் எதிர்பாராமல் விழுகிறவர்கள் நம் தாத்தா பாட்டிகள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள விசிட்டர் விசாவில் வருகிறார்கள், கிட்டத்தட்ட ஆறு மாதம் இருக்கிறார்கள், போகிறார்கள். மறு வருஷம் மறுபடியும். முதல் வருஷம் 180 நாள் இருந்தால் பிரச்சினையில்லை. இரண்டாம் வருஷமும் 180 என்றால், 180 கூட்டல் 60, மொத்தம் 240. பாட்டி அமெரிக்க வரிச் சட்டத்தின்படி குடியிருப்பாளர் ஆகிவிட்டார்! ஊரில் அவருக்கிருக்கும் டெபாசிட், பென்ஷன், வாடகை எல்லாம் கேள்விக்குள் வருகின்றன, எஃப்பாரும்தான். இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டில் இருந்தது 183 நாளுக்குக் குறைவாக இருந்து, வீடு வாசல் உறவு எல்லாம் இந்தியாவில்தான் என்று காட்ட முடிந்தால், படிவம் 8840 போட்டுக் குடியிருப்பாளர் அல்லாதவராகவே இருந்துகொள்ளலாம். இங்கே வருமானமில்லாதவர்களுக்கு அதன் கடைசி நாள் ஜூன் 15. விமான டிக்கெட் போடும்போதே நாளை எண்ணிக்கொள்வது உத்தமம். மூன்று வருஷமும் 120 நாளுக்குள் நிறுத்திக்கொண்டால் 120, 40, 20 என்று 180-இல் நின்றுவிடும், எந்தப் படிவமும் வேண்டாம். பிள்ளை வளர்க்க வந்த பாட்டியை இந்தச் சட்டம் இப்படிப் பார்ப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தபின் வழக்கமாக வரும் அடுத்த கேள்வி: "நாம சின்ன ஆளுங்க, நம்மள யாரு பார்க்கப் போறா?" பார்க்கிறார்கள். அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை வெளிநாட்டு வங்கிகளே தெரிவிக்கச் சொல்லும் ஃபட்கா (FATCA) சட்டம் 2010-இல் வந்தது. 2015 ஜூலையில் இந்தியா அமெரிக்காவோடு அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதற்குப் பிறகுதான் இந்திய வங்கிகளும் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களும் 'நீங்கள் அமெரிக்க வரிக் குடியிருப்பாளரா' என்று உறுதிமொழி கேட்க ஆரம்பித்தன. வங்கி இந்திய வருமான வரித் துறைக்குச் சொல்லும், அது ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போகும். அதற்கு முன்பே, 2011 ஏப்ரலில், எச்.எஸ்.பி.சி. வங்கியின் இந்தியக் கிளைகளில் கணக்கு வைத்திருந்த அமெரிக்கவாசிகளின் விவரத்தைக் கேட்க நீதிமன்றம் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுமதி கொடுத்திருந்தது. சுவிட்சர்லாந்து மட்டும்தான் இலக்கு என்ற நினைப்பு அன்றோடு போயிற்று.

ஃபட்காவுக்கென்று படிவம் 8938 தனியாக இருக்கிறது. அது வரிப் படிவத்தோடு போகும். இங்கே வசிக்கும் தனிநபருக்கு வரம்பு, ஆண்டுக் கடைசியில் 50,000 டாலர் அல்லது இடையில் என்றாவது 75,000. சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு இரட்டிப்பு. ஒன்றைக் கொடுத்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள். ஒரே அரசு, ஒரே கணக்குகள், இரண்டு படிவம், இரண்டு வரம்பு. ஃபட்கா வரம்புகள் 2010-க்குப் பிந்தையவை, ஓரளவு நியாயமானவை. எஃப்பாரின் 10,000 டாலர் பல பத்தாண்டுகளாக அசையாமல் நிற்கிறது. அபராதம் மட்டும் விலைவாசியோடு வருஷா வருஷம் ஏறுகிறது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அபராதம் என்று வந்தால், வேண்டுமென்றே மறைத்ததா, தெரியாமல் விட்டதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தெரியாமல் விட்டதற்குச் சட்டத்தில் எழுதியிருப்பது 10,000 டாலர் வரை. ஏறி ஏறி இப்போது 16,000-ஐத் தாண்டிவிட்டது. தெரிந்தே மறைத்தால் கணக்கிலிருந்த தொகையில் பாதி, அல்லது 1,00,000 டாலராக எழுதப்பட்டு இப்போது 1,60,000-ஐத் தாண்டிவிட்ட தொகை, இதில் எது அதிகமோ அது. இந்தத் தெரியாமல் விட்ட அபராதம் ஒரு கணக்குக்கா, ஒரு ஆண்டின் படிவத்துக்கா என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனாகி, கம்யூனிச ஆட்சி விழுந்தபின் திரும்பிப் போய்த் தொழில் செய்த அலெக்சாண்ட்ரு பிட்னர் என்பவருக்கு ஐந்து ஆண்டுக்கான 272 கணக்கு விவரங்களை வைத்து 27.2 லட்சம் டாலர் போட்டார்கள். 2023 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அபராதம் படிவத்துக்குத்தான், கணக்குக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அவர் தொகை 50,000 டாலராக இறங்கியது. பத்துத் துண்டாக எஃப்.டி. வைத்திருக்கும் நமக்கு இந்தத் தீர்ப்பின் அருமை நன்றாகவே புரியும்.

'வேண்டுமென்றே' என்பதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வரிப் படிவத்தின் ஷெட்யூல் பி-யில் கடைசியில், வெளிநாட்டுக் கணக்கு உண்டா என்று ஒரு கேள்வி. மென்பொருளில் வேகமாகப் போகிறவர்கள் 'இல்லை' என்று தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பின்னால் வழக்கு என்று வந்தால், தெரியாது என்று சொல்ல விடாமல் செய்வது அந்த ஒரு பெட்டிதான்.

பழைய வருஷங்களை விட்டவர்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். வருமானத்தையெல்லாம் சரியாகக் காட்டி, வரியும் கட்டி, எஃப்பாரை மட்டும் விட்டிருந்தால், ஐ.ஆர்.எஸ். உங்களைத் தொடர்புகொள்வதற்கு முன்பே காரணத்தைச் சொல்லித் தாமதமாகத் தாக்கல் செய்யும் வழி இருக்கிறது. பொதுவாக அபராதம் போடுவதில்லை. வட்டியையும் காட்டாமல் விட்டிருந்தால் ஸ்ட்ரீம்லைன்ட் முறை: மூன்று ஆண்டு வரிப் படிவத் திருத்தம், ஆறு ஆண்டு எஃப்பார், வேண்டுமென்றே செய்யவில்லை என்ற விளக்கம். இங்கே வசிப்பவர்களுக்கு விடுபட்ட சொத்துகளின் மதிப்பில் 5 சதவீதம், வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அதுவும் இல்லை. இந்த இடத்தில் மட்டும் காசு போனால் போகிறதென்று விவரம் தெரிந்த ஒரு வரி வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த விளக்கத்தில் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் உறுதிமொழியின் கீழ் வருவது. பழையதைக் கிளறாமல் இந்த வருஷத்திலிருந்து ஒழுங்காக இருந்துகொள்ளலாம் என்று சொல்லிக்கொடுக்கும் நண்பர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். கேட்காதீர்கள்.

ஊரோடு திரும்பிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரீன் கார்டைப் பீரோவில் வைத்துவிட்டுச் சென்னையில் குடியேறிவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். படிவம் ஐ-407 கொடுத்து முறைப்படி ஒப்படைக்கும்வரை பெரும்பாலும் நீங்கள் அமெரிக்க வரிக் குடியிருப்பாளர்தான். குடியுரிமை வாங்கியவர்கள் எங்கே இருந்தாலும் அப்படித்தான். அப்போது உங்கள் சம்பளக் கணக்கு, அடுக்குமாடிச் சங்கத்தில் பொருளாளராகக் கையெழுத்துப் போடும் கணக்கு, எல்லாமே 'வெளிநாட்டுக் கணக்கு' ஆகிவிடும். இன்னொரு பக்கம், சில வருஷம் கழித்து இந்தியாவில் சாதாரணக் குடியிருப்பாளர் என்ற நிலை வந்ததும், அமெரிக்காவில் விட்டுவந்த வங்கிக் கணக்கையும் 401(கே) ஓய்வூதியக் கணக்கையும் இந்திய வருமான வரிப் படிவத்தின் ஷெட்யூல் எஃப்.ஏ.யில் காட்ட வேண்டும். 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி, காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம். அசையாச் சொத்து தவிர்த்த மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் 1 முதல் அந்த அபராதம் கிடையாது. ஷெட்யூல் எஃப்.ஏ.யும் நிதியாண்டைப் பார்க்காமல் காலண்டர் ஆண்டையே கேட்கிறது. ஆகவே ஜனவரியில் ஒரு தடவை உட்கார்ந்து எல்லா வங்கிகளின் டிசம்பர் வரையிலான ஸ்டேட்மென்ட்டையும் இறக்கி ஒரே கோப்பில் போட்டுக்கொண்டால் இரண்டு நாட்டுப் படிவத்துக்கும் ஆகும். எஃப்பாருக்கு அவற்றை ஐந்து வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அம்மாவின் பாஸ்புக் படங்கள் உட்பட.